இருபதுக்கு நான்கு

மூன்றாவது வாரத் தேர்வில் என் கணவர் இருபதுக்கு நான்கு எடுத்தார். சிவப்பு மையில் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, தேதியும் எழுதினேன். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவளுக்குத் தேதி போடாமல் எந்த நோட்டையும் மூட வராது.

அந்த நான்கும் நான் தாராளமாகக் கொடுத்தது. டம்ளர், சாவி, செருப்பு, சீப்பு என்று இருபது பொருள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். நான்கு பொருளுக்கு அவருடைய உதடு சரியான எழுத்துக்குக் குவிந்தது. முழுச் சொல் ஒன்றுகூட வரவில்லை. குவிந்ததற்கு ஒரு மதிப்பெண் என்று நானே விதி வகுத்துக்கொண்டேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டி போகும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக் என்றார்கள். உயிர் தப்பியது. வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். அவருக்குச் சொல்லத் தெரிந்ததும் உள்ளே இருக்கும். வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அந்த வழியில் ஒரே ஒரு சொல் மட்டும் தப்பி வந்தது: "உள்ள போ."

இருபத்தைந்து வருடமாகப் படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்துக் கத்திய சொல் அது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த எங்கள் தலைமையாசிரியையிடமும் அதையே சொன்னார். எதிர்வீட்டு அம்மா கோபித்துக்கொண்டு, "மொகத்தப் பாத்து வெரட்டுறாருத்தா ஒம் புருசன்" என்று காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். அன்றைக்கு நானும் அவரும் சேர்ந்து சிரித்தோம். அவருடைய இடது பக்க வாய் மட்டும் சிரித்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். "மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம் மேடம். அதுக்குள்ள எவ்வளவு பேச்சு திரும்புதோ, அவ்வளவுக்கு நல்லது" என்றாள். அவள் அதற்குப் பிறகும் நிறையச் சொன்னாள். என் காதில் ஆறு மாதம் என்பது மட்டும் விழுந்தது. ஆறு மாதம் என்றால் எனக்கு அரைக் கல்வியாண்டு. அதற்குள் போர்ஷனை முடிக்க வேண்டும்.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி எந்நேரமும் பட்டறைச் சத்தம். தகரம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் விமானம் வேறு தலைக்கு மேலே இறங்கும். அதனால் காலை ஆறு மணிக்கே முதல் பாடவேளையை வைத்தேன். உயிரெழுத்து, உடல் உறுப்புகள், வீட்டுப் பொருள்கள், எண்கள் என்று அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். திருப்பூரிலிருந்து மகள் படம் போட்ட அட்டைகள் அனுப்பினாள். பசு, படகு, பட்டம். சனிக்கிழமைதோறும் தேர்வு. நீள நோட்டு ஒன்றில் அவருடைய பெயரை எழுதி, கட்டம் கட்டி, மதிப்பெண் பதிவேடு ஆரம்பித்தேன். நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். ஒரு வகுப்பே என்னிடம் இல்லாத நாட்களில் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. எங்கள் தெருவில் முதன்முதலாகப் பத்தாவது பாஸ் செய்தவள் நான். முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளும் நான்தான். வயல்காரர் வீட்டுப் பிள்ளை என் வகுப்பில்தான் படித்தான். வீட்டில் அவனுக்குச் சைக்கிள், டியூஷன், கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. விடைத்தாளில் மட்டும் நான் அவனை ஜெயித்தேன், அதை அவன் அப்பாவாலும் மாற்ற முடியவில்லை. தேர்வு எனக்குச் சாமி மாதிரி. எம்.ஏ., பி.எட்., எம்.ஃபில். என்று கும்பிட்டுக்கொண்டே வந்தேன். கேட்ட வரம் எல்லாம் கொடுத்தது. இந்த ஒன்றையும் கொடுக்கும் என்று நம்பினேன்.

ஐந்தாவது வாரம் மூன்று. ஆறாவது வாரம் ஒன்று. மதிப்பெண் குறையக் குறைய நான் பாடவேளையைக் கூட்டினேன். மந்தமான பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு வைப்பது எங்கள் வழக்கம். மத்தியானம் அவருக்குத் தூக்கம் சொக்கும். நான் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி உட்காரவைப்பேன்.

பயிற்சிக்குப் போனபோது அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "மேடம், தயவுசெஞ்சு அவர டெஸ்ட் பண்ணாதீங்க. சும்மா பேசுங்க. அவர் பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் பேசுங்க. கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுங்க, போதும்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் டீச்சர்களுக்கே பயிற்சி வகுப்பு எடுக்கிறவம்மா" என்றேன். பொய்யில்லை. போன வருடம்தான் அறுபது ஆசிரியர்களுக்கு முன்னால், கற்றல் என்பது வாழ்நாள் முழுதும் நடப்பது என்று ஒரு மணி நேரம் பேசி, சால்வையும் சான்றிதழும் வாங்கி வந்திருந்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியவரே என் கணவர்தான்.

ஏழாவது வாரம் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றது எதற்கும் அர்த்தமில்லை.

டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். "உள்ள போ" என்றார். "அது இல்ல. இது என்ன?" என்றேன். மறுபடி அதையே சொன்னார். எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ள சொல்லும் இத! ஒண்ணாங்கிளாஸ் பிள்ள!" என்று கத்தினேன். கையில் மர ஸ்கேல் இருந்தது. அட்டைகளைச் சுட்டுவதற்காக வைத்திருந்தது. அதை ஓங்கி மேசையில் அடிக்கத்தான் தூக்கினேன். சத்தியமாக மேசையில் அடிக்கத்தான்.

அவர் இடது கையைச் சட்டென்று தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீசை நரைத்த மனிதர், பொங்கல் கூட்டத்தில் எண்பது பேரை ஏற்றிக்கொண்டு குடிகாரனையும் ரவுடியையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவர், என் முன்னால் அடிக்குப் பயந்து குறுகி உட்கார்ந்திருந்தார். நான் ஸ்கேலைக் கீழே போட்டேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை இறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றையிலிருந்து அந்த "உள்ள போ"வும் நின்றுவிட்டது. பசித்தால் சமையலறைப் பக்கம் பார்ப்பார். வலித்தால் உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் அறைக்குள் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வியாதி மிச்சம் வைத்திருந்த ஒரே சொல்லையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அந்த நாட்களில் வேறொன்றும் உறைத்தது. கல்யாணமான புதிதில் அவர் வாய் ஓயாது பேசுவார். பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவார். பத்தாம் வகுப்போடு நின்றவர், பேச்சு பேச்சாகத்தான் இருக்கும். நான் இடையிடையே திருத்துவேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்கள் முன்னாலும் திருத்துவேன், சிரித்துக்கொண்டேதான். வர வர அவர்கள் வந்தால் அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். பிறகு என்னிடமும் தேவைக்கு மட்டும் பேசினார். வேலை அசதி என்று நினைத்தேன். ஸ்ட்ரோக் வந்து அவர் பேச்சு நின்றது என்று ஊர் சொல்கிறது. என் வீட்டில் அது எப்போது நிற்க ஆரம்பித்தது என்று எனக்கல்லவா தெரியும்.

மூன்றாவது மாதம் அவருடைய பஸ் டிரைவர் வந்தார். முன்பும் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்தான். என் கணவரைவிட ஏழெட்டு வயது இளையவர், எட்டாவது வரை படித்தவர். பதினோரு வருடம் இருவரும் ஒரே வண்டி. எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, நேத்து பரவையில ஒரு கெழவி நாலு கோழியோட ஏறிருச்சு. புதுக் கண்டக்டர் பய முழிக்கிறான். கோழிக்கு டிக்கெட் போடவா வேணாமான்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார், காப்பியை ஆற்றினார். நான் சமையலறைக் கதவோரம் நின்று, ஏன் இந்த மனிதர் கதையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று எரிச்சல்பட்டேன். ரொம்ப நேரம் கழித்து என் கணவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. ஆனால் ஏதோ சொல்ல வந்த சத்தம். "அதத்தேன் நானும் சொன்னேன்" என்றார் டிரைவர், சாதாரணமாக. கதை தொடர்ந்தது. என் கணவர் சிரித்தார். பாடம் தொடங்கியதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறு எரிந்தது, அதுதான் உண்மை. வாசல் வரை போய், "எப்படித் தம்பி? என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஏதோ முறை வைத்திருக்கிறார், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தது எனக்கு.

"நான் என்னத்த மதினி செஞ்சேன்" என்றார். "பதினோரு வருசமா கண்ணாடியில அண்ணன் மொகத்தப் பாத்துத்தேன் வண்டி ஓட்டுறேன். விசில் ஊதுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும், நிக்கணுமா போகணுமான்னு. அதுக்குன்னு அவசரப்பட்டா முடியுமா? ஆளு ஏறி முடிக்கட்டும்னு நிக்கணும்ல." செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்காது. அண்ணனக் கூட்டிக்கிட்டு வாங்க, நம்ம வண்டியில ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் போனோம். அவர் கம்பை ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். டீக்கடைக்காரரும் பூக்காரம்மாவும் மற்ற பஸ்காரர்களும் "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று சூழ்ந்துகொண்டார்கள். டிரைவருக்கு இடப்பக்கம், முன் ஜன்னலோரச் சீட்டில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

நிறுத்தம் நெருங்கி வண்டி வேகம் குறைந்தபோது, தெளிவாக, கணீரென்று, பழைய குரலில் சொன்னார்: "விளாங்குடி. விளாங்குடி எறங்கு."

"என்னங்க! என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க! இது என்ன ஊரு? சொல்லுங்க, இது என்ன ஊரு?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. விடை தெரிந்திருந்தும் வாய் திறக்காமல் நிற்கிற கடைசி பெஞ்சுப் பிள்ளைகளிடம் வருடாவருடம் பார்த்திருக்கிறேன். திமிர் என்று நினைத்து வெளியே நிற்கவைத்திருக்கிறேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பரவை வந்தது, சமயநல்லூர் வந்தது, வாடிப்பட்டி போய்த் திரும்பியும் வந்தோம். ஒரு சத்தம் வரவில்லை.

இறங்கும்போது டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கோவிச்சுக்காதீக மதினி. அடுத்த வாரம் நானே வந்து அண்ணனக் கூட்டிக்கிறேன். நீங்க வீட்ல இருங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு முதல் ஞாயிறு வீட்டில் இருந்தேன். "அண்ணன் பேசுனாரு மதினி" என்று சொல்லி டிரைவர் கொண்டுவந்து விட்டார். இரண்டாவது ஞாயிறு இருக்க முடியவில்லை. மனைவிக்குக் கேட்காத குரல் ஊருக்கெல்லாம் கேட்கிறது என்றால் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டி கிளம்புகிற நேரத்தில் பின்படியில் ஏறிக் கடைசி வரிசையில் ஒடுங்கினேன். சொந்தப் புருஷன் பேசுவதைத் திருட்டுத்தனமாகக் கேட்கப் போன பெண் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். கண்டுகொள்ளவில்லை.

அன்று அவர் சொன்னார். விளாங்குடி, பரவை, சமயநல்லூர், நகரி, வாடிப்பட்டி. வரிசையாகச் சொன்னால் வந்தது. நடுவில் விட்டால் வராது. நான் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். விடுப்பு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகும் போனேன். வீட்டில் நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். நோட்டைப் பரண்மேல் போட்டேன். டிரைவர் மாதிரி கதை சொல்லிப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூன்று எண்ணுவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். அப்படியே நிறுத்தினாலும் அவர் அதைக் கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெற்றோர் கூட்டத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எனக்கு நாற்பத்தெட்டு.

ஆறு மாதம் முடிந்தது. ஏழாவது மாதமும் பாதி போய்விட்டது. எனக்கென்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் இன்னும் வரவில்லை. "சோறு" என்று வேண்டாம், "போடி" என்று திட்டினால்கூடப் போதும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி சமயநல்லூரைத் தாண்டிவிட்டது. அடுத்தது நகரி. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "பரவை. பரவை எறங்கு" என்றார்.

தப்பு. என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் தொண்டையை நெட்டித் தள்ளியது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அதற்குள் நடுச் சீட்டில் இருந்த ஒரு பெண், மடியில் கீரைக்கட்டோடு, "ஏண்ணே, பரவை போயி எம்புட்டு நேரமாச்சு! என்னையத் திரும்ப நடக்க விட்ருவீக போலயே!" என்று சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். தலையில் தட்டிக்கொண்டு, "நகரி, நகரி" என்றார். தப்பைத் திருத்தினார்கள், திருத்திக்கொண்டார். அவ்வளவு சுலபமாக நடந்தது.

சிரித்தபடியே, யார் சொன்னது என்று பார்க்க அவர் திரும்பினார். கீரைக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டு, கண் அப்படியே பின்னால் வந்தது. முந்தானை எப்போதோ நழுவியிருந்தது. என்னைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இடது கை மெல்ல எழுந்து முகம் வரை போய், பிறகு மடிக்கு இறங்கியது.

நகரியில் வண்டி நின்றதும் நான் எழுந்து பின்படி வழியாக இறங்கினேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. வெறும் பொட்டல், தார் ரோடு, ஒரு வேப்பமரம். யாரோ இரண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டோரமாக நடந்து, அவர் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றேன், நான் இறங்கிவிட்டேன் என்று அவர் பார்க்கட்டும் என்று. பார்த்தார். மரத்தடிக்குப் போய் நின்றேன்.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேரைப் பார்த்து, அந்த ஜன்னலிலிருந்து, "வாடிப்பட்டி, வாடிப்பட்டி, வாடிப்பட்டி" என்று குரல் வந்தது. அவர் குரல்தான். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா.